கார்டு இல்லாத ஜோடி

நெய்வேலி சுரங்கத்தின் ஸ்டோர்ஸ் கிடங்கிலிருந்து ஓர் ஆணியை எடுப்பதுகூட அவ்வளவு எளிதல்ல. ஆணி கிடக்கும் தட்டின் முகப்பில் ஒரு கார்டு தொங்கும். எத்தனை வந்தது, எத்தனை போனது, யாருடைய டோக்கன் நம்பருக்குப் போனது, மிச்சம் எத்தனை என்று அந்தக் கார்டு சொல்லும். கார்டில் இருக்கும் எண்ணும் தட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் விளக்கம் எழுத வேண்டும், ஒன்று கூடினாலும் எழுத வேண்டும். கூடினால்தான் அதிகம் எழுத வேண்டும் என்பார் ஸ்டோர் கீப்பர் மருதமுத்து. குறைந்தால் திருட்டு, இல்லாவிட்டால் மறதி. கூடியது என்றால் யாருக்கோ போய்ச் சேர வேண்டியது சேரவில்லை என்று அர்த்தம்.

பதினாறு வருஷமாக அவர் கார்டில் ஒரு எண் பிசகியதில்லை. அப்படிப்பட்டவர் எழுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை எடுத்து ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். எப்படி முடிந்தது என்றால், அந்த ஜோடிக்குக் கார்டே கிடையாது.

அவர் மேஜைக்குப் பின்னால் ஒரு பச்சை இரும்பு அலமாரி இருந்தது. அதற்குள் இருந்தவை மாதிரிகள். சில பொருள்களைக் காகிதத்தில் எழுதியே வாங்கிவிடலாம். போல்ட் என்றால் நீளம், பருமன், மரை இவ்வளவு என்று எழுதினால் போதும், மெட்ராஸில் செய்தாலும் கோயம்புத்தூரில் செய்தாலும் ஒரே போல்ட்தான் வரும். ரப்பர் அப்படியல்ல. வளைத்தால் எப்படி வளைய வேண்டும், எத்தனை மாதம் சேற்றில் கிடந்தால் வெடிக்கக் கூடாது என்பதையெல்லாம் எழுத்தில் கொண்டுவருவது கஷ்டம். அதனால் டெண்டர் போட்டவர்களிடம் மாதிரி கேட்பார்கள். பிடித்த மாதிரியில் இரண்டு ஜோடி வாங்கி, தனித்தனியாக வெள்ளைக் காடாத் துணியில் பொதிந்து, சணல் நூலால் தைத்து, முடிச்சின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி இரண்டு பித்தளை முத்திரைகளைப் பதிப்பார்கள். ஒன்று ஸ்டோர்ஸ் முத்திரை, இன்னொன்று கம்பெனிக்காரரின் முத்திரை. ஒரு பொதி கம்பெனிக்காரரிடம் போகும், ஒரு பொதி பச்சை அலமாரிக்குள் போகும். ஆர்டரில் ‘முத்திரையிட்ட மாதிரியின்படி’ என்று ஒரே வரி இருக்கும். சரக்கு வந்து இறங்கும் நாளில் இரு தரப்பும் சேர்ந்து நின்று பொதியைப் பிரிப்பார்கள், ஒப்பிடுவார்கள், மறுபடியும் தைத்து முத்திரை வைப்பார்கள். அந்தப் பொதிதான் சாட்சி. அது சரக்கும் அல்ல, இருப்பும் அல்ல. அதனால்தான் அதற்குக் கார்டு இல்லை.

சுரங்கத்தின் அடியில் தண்ணீர் வந்து சேரும் பெரிய பள்ளத்துக்கு சம்ப் என்று பேர். பம்ப் இழுக்க இழுக்கச் சேறு அடியில் தங்கிக்கொண்டே இருக்கும். அதை வாரிப் போடுவது கான்ட்ராக்ட் ஆட்களின் வேலை. கம்மாபுரம் பக்கத்துத் தனகோட்டி அதில் ஒருவர். சுரங்கத்துக்காக நிலம் எடுத்தபோது நிலம் வைத்திருந்தவர்களில் சிலருக்குப் பெர்மனன்ட் வேலை கிடைத்தது. தனகோட்டி அந்த நிலங்களில் கூலிக்கு உழுதவர். எழுதிக் கொடுக்க அவரிடம் பட்டா எதுவும் இல்லை.

மாசியில் அவர் லாரியில் வந்த பம்ப் குழாய்களை இறக்கக் கிடங்குக்கு வந்தார். வலது பாதத்தில் சாக்குத் துணி சுற்றியிருந்தது. சேற்றுக்குள் கிடந்த தகரம் கிழித்து ஆறு வாரம் ஆகியிருந்தது. தினமும் அதே சேற்றில் இறங்குவதால் புண் மூடவேயில்லை. வேலை முடிந்து தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது அவர் துணியை அவிழ்த்துக் கட்டுவதை மருதமுத்து பார்த்தார். பார்த்த பிறகு அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பூட்ஸ் தட்டில் நானூறு ஜோடி இருந்தது. ஒன்றைக்கூட எடுக்க முடியாது. டோக்கன் நம்பர் பெர்மனன்ட் ஆட்களுக்குத்தான், தனகோட்டிக்கு இல்லை. பச்சை அலமாரியில் அதே பூட்ஸின் மாதிரி இருந்தது. ஆர்டர் மொத்தம் எண்ணூறு ஜோடி. முதல் நானூறு தை மாதமே வந்து, ஒப்பிட்டு, ஏற்றுக்கொண்டாயிற்று. மீதி நானூறு ‘தேவைப்பட்டால் கேட்கப்படும்’ என்றுதான் எழுதியிருந்தது. கேட்க மாட்டார்கள் என்று எல்லாருமே நினைத்தார்கள். மாதிரியின் வேலை முடிந்தது என்று மருதமுத்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். முத்திரையை உடைக்க மனம் வரவில்லை. பக்கவாட்டுத் தையலை மட்டும் பிளேடால் பிரித்து, பூட்ஸை உருவி எடுத்தார். இரண்டு அரக்கு முத்திரையும் முழுசாக இருக்க, வெறும் துணியை மடித்து அலமாரியிலேயே வைத்துவிட்டார். பூட்ஸைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தபோது தனகோட்டி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அது ஒன்பதாம் நம்பர், அவர் கால் ஏழு. “துணி அடைச்சுக்கிறேங்க” என்று மட்டும் சொன்னார்.

ஆவணியில் புது ஆட்கள் எடுத்தார்கள். மீதி நானூறு ஜோடியும் ஐப்பசி மழைக்கு முன்னால் வேண்டும் என்று சுரங்கத்திலிருந்து கடிதம் வந்தது. புரட்டாசி முதல் வாரத்தில் லாரியும் வந்துவிட்டது.

பெட்டியைப் பிரித்து ஒரு பூட்ஸைக் கையில் எடுத்ததுமே மருதமுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்வைக்கு அதே கறுப்பு, அதே உயரம். கணுக்கால் பக்கம் மடக்கினால் மடிப்பில் வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. ரப்பரில் கலப்புப் பொடி அதிகமானால் அப்படித்தான் ஓடும். நல்ல ரப்பர் மடக்கிய இடத்திலும் கறுப்பாகவே இருக்கும். பம்ப் பிரிவு ஃபோர்மேன் அய்யாசாமி ஏதோ வேலையாக வந்தவர் அதை வாங்கி இரண்டு முறை மடக்கிப் பார்த்தார்.

“மருதமுத்து சார், இது பூட்ஸா அப்பளமா? எண்ணெய் காய வைக்கச் சொல்லவா?” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் பூட்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கப்போவது அவருடைய ஆட்கள்.

கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காகச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட முடியாது. மாதிரியோடு ஒப்பிட்டு வேறுபாடு காட்ட வேண்டும். அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒப்பீடு என்று பர்ச்சேஸ் ஆபீசர் கோபாலகிருஷ்ணன் தேதி குறித்து அனுப்பினார்.

சனிக்கிழமை மதியம் மருதமுத்து அந்த வெற்றுத் துணியைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்தார். மனைவி பார்வதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தையல் போயிருந்த ஓட்டைகளைப் பார்த்தாள்.

அவர் மனத்தில் ஓடியது அவளுக்கும் புரிந்தது. வந்திருக்கும் நானூறில் ஒரு ஜோடியை எடுத்து இந்தத் துணிக்குள் வைத்து, பழைய ஓட்டைகளிலேயே தைத்துவிட்டால் போதும். முத்திரைகள் இரண்டும் உண்மையானவை. திங்கட்கிழமை பிரித்துப் பார்த்தால் மாதிரியும் சரக்கும் அச்சு அசலாக ஒத்துப்போகும். கம்பெனிக்காரர் எதிர்த்துப் பேசப் போவதில்லை. மழைக்கு முன்னால் பூட்ஸ் கிடைத்ததென்று சுரங்கமும் சந்தோஷப்படும். தட்டில் ஒரு ஜோடி குறையும், அதைப் போக்குவரத்துச் சேதம் என்று எழுதலாம். வேலையும் குவார்ட்டர்ஸும் தப்பிக்கும். நானூறு பேரின் கால் மட்டும் தப்பாது.

“இந்த ஓட்டையிலேயே ஊசி போகும்ங்க. எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது” என்றாள் பார்வதி. துணியை மடித்து வைத்துவிட்டு, “நீங்க வாயைத் தொறந்து தைன்னு சொல்லணும். சொல்லாம நானா தைக்க மாட்டேன்” என்றாள்.

அவர் சொல்லவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்மாபுரம் ரோட்டில் போனார். அந்தப் பழைய பூட்ஸ் இந்நேரம் வெடித்துக் கிழிந்திருக்கும் என்று ஒரு நப்பாசை அவருக்கு இருந்தது. அப்படி இருந்தால், புதுசு ஒன்றும் அதைவிட மோசமில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு தைக்கச் சொல்லிவிடலாம்.

தனகோட்டியின் வீட்டு வாசலில் இரண்டு கழிகள் நட்டு, அவற்றின்மேல் பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தனகோட்டி அதை ரோட்டில் போட்டு நடந்ததே இல்லை. சம்ப் வரைக்கும் வெறுங்காலில் போய், இறங்கும்போது மாட்டிக்கொண்டு, ஏறியதும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வருவாராம். மருதமுத்து ஒன்றை எடுத்து மடக்கிப் பார்த்தார். ஏழு மாதச் சேற்றுக்குப் பிறகும் மடிப்பு கறுப்பாகவே இருந்தது. உள்ளே விரல் நுனிப் பக்கம் பச்சைச் சேலைத் துணி உருண்டையாக அடைத்திருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் தனகோட்டி அவசரமாக மற்றக் கழியிலிருந்த பூட்ஸையும் கழற்றி எடுத்தார்.

“இதுக்காவா இம்மாந்தூரம் சைக்கிள்ல வந்தீங்க? யார்கிட்டயாச்சும் சொல்லி வுட்டிருந்தா நானே கொண்டாந்திருப்பேனே” என்றார்.

மருதமுத்து கையில் கொண்டுவந்திருந்த சாக்கை விரித்தார். அதுவரை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தனகோட்டியின் மனைவி அம்சவல்லி வெளியே வந்தாள்.

“குடுக்கும்போதும் சாக்குல சுத்திக்கினுதான் குடுத்தீங்க. வாங்கிக்கினு போறதையாச்சும் நாலு பேரு பாக்க எடுத்துக்கினு போங்க. எங்க வூட்டுல ஒண்ணும் திருடி வெக்கலீங்க.”

தனகோட்டி அவளை அதட்டினார். மருதமுத்து சாக்கை மடித்துக் கேரியரில் வைத்தார். பூட்ஸை ஹேண்டில்பாரில் ஒரு பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டுக்கொண்டு டவுன்ஷிப் ஆர்ச் வழியாகவே வந்தார். எதிரே வந்தவர்கள் இரண்டு பேர், எங்கே சார் வயலுக்கா என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து மேஜையில் உட்கார்ந்து ஒரு முழுத் தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பார்வதி படித்துவிட்டு ஊசி டப்பாவை அலமாரியில் எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கிடங்கு மேஜையைச் சுற்றி நான்கு பேர் நின்றார்கள். கோபாலகிருஷ்ணன், அய்யாசாமி, மருதமுத்து, நான்காவதாக மெட்ராஸ் ரப்பர் கம்பெனியின் பிரதிநிதி சிங்காரவேல். சிங்காரவேல் வெள்ளை முழுக்கைச் சட்டைக்காரர், யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாதவர். மருதமுத்து மேஜையில் மூன்றை வைத்தார்: முத்திரை உடையாத வெற்றுத் துணி, சேறு ஏறிய பழைய ஜோடி, கையெழுத்துப் போட்ட தாள்.

கோபாலகிருஷ்ணன் தாளை இரண்டு முறை படித்தார்.

“இதை நேத்தே என்கிட்ட தனியா வந்து சொல்லியிருக்கலாமே, மருதமுத்து.”

“சொல்லியிருந்தா நீங்க என்ன சார் செஞ்சிருப்பீங்க?”

 கோபாலகிருஷ்ணன் தாளைச் சிங்காரவேலிடம் நீட்டினார். அவரும் படித்தார். படித்து முடித்து, பழைய பூட்ஸைத் தொடாமலே, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: “பொதியில இல்லாதது மாதிரி இல்லைங்க சார். இது எங்க பூட்ஸ்தானான்னு யார் சொல்றது? மாதிரி இல்லைன்னா எங்க சரக்கைத் தப்புன்னும் சொல்ல முடியாதுங்களே.”

அவர் சொன்னது சரிதான். முத்திரையின் மதிப்பே அதுதான். நல்லவர் பிரித்தாலும் கெட்டவர் பிரித்தாலும் பிரித்த பொதி சாட்சி சொல்லாது. மருதமுத்துவே புதிதாக வந்த எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

கோபாலகிருஷ்ணன் ஆர்டரின் காகிதக் கட்டைப் புரட்டினார். யாரும் படிக்காத நிபந்தனைகள் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும். மாதிரியை ஏன் இரண்டு பொதியாகக் கட்டுகிறார்கள் என்பதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது. ஸ்டோர்ஸிடம் உள்ள மாதிரி தொலைந்தாலோ கெட்டாலோ கம்பெனிக்காரரிடம் உள்ள முத்திரையிட்ட மாதிரியே அளவுகோல். கேட்ட ஏழு நாளுக்குள் அதைக் கொண்டுவராவிட்டால் சரக்கு ஏற்கப்படாது. அவர் அந்த வரியின் கீழே விரலை வைத்துப் படித்துக் காட்டினார்.

சிங்காரவேல் குனிந்து அந்த வரியைத் தானும் ஒரு முறை படித்தார். வியாழக்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னார்.

சொன்னபடியே கொண்டுவந்தார். இரண்டு முத்திரையும் தையலும் பழுதில்லை. பிரித்த பூட்ஸில் ஒன்றையும் புதுச் சரக்கில் ஒன்றையும் அய்யாசாமி கணுக்காலுக்கு மேலே குறுக்காக அறுத்தார். மாதிரியின் வெட்டில் கறுப்பு ரப்பருக்கு நடுவே, பலத்துக்காக வைக்கும் துணி இரண்டு வரியாக, அடுத்தடுத்து, சுற்றி ஓடியது. புதுசில் ஒரே வரி. பக்கத்தில், யாரும் கேட்காமலே, அய்யாசாமி அந்தப் பழைய ஜோடியை வைத்தார். அறுக்கத் தேவையிருக்கவில்லை, அதன் மேல் விளிம்பு தேய்ந்த இடத்திலேயே இரண்டு வரியும் தெரிந்தன. சிங்காரவேல் நிராகரிப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார். போகும்போது மருதமுத்துவிடம் வந்து, “நான் பொதியைத் தூக்கிட்டு வர்ற ஆள்தான் சார். உள்ளே என்ன போடுறாங்கன்னு எனக்கும் பிரிச்சாத்தான் தெரியும்” என்றார்.

நானூறு ஜோடியும் லாரியில் திரும்பிப் போயிற்று.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நடக்க வேண்டியதுதான். மருதமுத்துவுக்கு சார்ஜ் மெமோ வந்தது. விசாரணையில் அவர் மறுக்க எதுவும் இல்லாததால் அது இரண்டே நாளில் முடிந்தது. இரண்டு இன்கிரிமென்ட் நிறுத்தம். பித்தளை முத்திரையை ஒப்படைத்துவிட்டு, கோபாலகிருஷ்ணனின் டெண்டர் பிரிவில் ஒரு மேஜைக்கு மாறினார். பதினாறு வருஷம் இடுப்புச் சாவியோடு சேர்ந்து கிடந்த முத்திரை அது. அதைக் கொடுத்த பிறகும் சில நாள் அவர் கை இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மாற்றுச் சரக்கு கார்த்திகைக்குத்தான் வரும் என்றார்கள். பம்ப் ஆட்கள் சைக்கிள் டியூபை வெட்டிப் பழைய பூட்ஸில் ஒட்டுப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். கேன்டீனில் அவர் காதுபட, அரிச்சந்திரன் வர்றார், வழி விடுங்கப்பா என்று ஒருவன் சொன்னான். ஈரக் காலோடு நிற்பவன் சொன்னது என்பதால் அவருக்குக் கோபம் வரவில்லை.

தனகோட்டியின் ஜோடி விசாரணையின் சாட்சிப் பொருளாகிவிட்டது. ‘ரப்பர் பூட்ஸ், பழையது, ஒரு ஜோடி. உள்ளே சேலைத் துணி, இரண்டு துண்டு’ என்று பட்டியலில் எழுதி, பொதிந்து, தைத்து, முத்திரை வைத்துப் பச்சை அலமாரிக்குள் வைத்தார்கள். புது ஸ்டோர் கீப்பர் முத்திரையை அழுத்தும்போது மருதமுத்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். விசாரணை முடிந்தாலும் கோப்பு மூடும் வரை அது வெளியே வராது. மூடினாலும் யாருக்குக் கொடுப்பது? கொடுக்க டோக்கன் நம்பர் வேண்டும்.

தனகோட்டி மறுபடி வெறுங்காலில் இறங்குகிறார் என்று மருதமுத்துவுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னதில் நானூறு பேருக்கு நல்ல பூட்ஸ் வந்துவிடும். அவர் உதவ நினைத்த ஒருவருக்கு மட்டும் இருந்ததும் போயிற்று. சொந்தமாகக் கடையில் ஒரு ஜோடி வாங்கித் தரலாம் என்று பார்வதியிடம் சொன்னார். “வாங்கிக் குடுங்க. மத்தவங்களோடது காலில்லையா?” என்றாள் அவள். சம்பில் இறங்குகிறவர்கள் நாற்பத்தாறு பேர்.

மார்கழியில் அடுத்த வருஷத்துச் சம்ப் துப்புரவு கான்ட்ராக்டுக்கு டெண்டர் தயாரிக்கும் வேலை அவர் மேஜைக்கு வந்தது. பழைய கான்ட்ராக்டில் ஒரு வரி இருந்தது: தொழிலாளர்களின் பாதுகாப்புக்குத் தேவையானவற்றைக் கான்ட்ராக்டரே கவனித்துக்கொள்ள வேண்டும். அந்த வரியை அவர் வெகுநேரம் பார்த்தார். அழகான வரிதான். எதைக் கொடுத்தால் கவனித்ததாக ஆகும், எப்போது பார்ப்பது, எதோடு ஒப்பிடுவது என்று எதுவும் அதில் இல்லை. ஒப்பிட முடியாத நிபந்தனை நிபந்தனையே இல்லை. அவர் அதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: வேலை தொடங்கும் முன், ஆளுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், முத்திரையிட்ட மாதிரியின்படி, அவரவர் கால் அளவில். கொடுத்ததாகக் கையொப்பம் இல்லாமல் முதல் பில் ஏற்கப்படாது.

கோபாலகிருஷ்ணன் படித்தார். “ரேட்டு ஏறும். மேலே யாராவது இதை அடிச்சாலும் அடிப்பாங்க.”

“அடிக்கட்டும் சார். அடிக்கறவங்க கையெழுத்துப் போட்டுத்தானே அடிக்கணும்.”

கோபாலகிருஷ்ணன் பேனாவை மூடினார். “கால் அளவுக்கு ஆதாரம்? டெண்டரோட பட்டியல் இணைக்கணுமே.”

மறுநாள் ஷிப்ட் முடியும் சங்கு ஊதியபோது மருதமுத்து ஒரு கட்டு வெள்ளைத் தாளும் பென்சிலுமாகச் சம்ப் மேட்டில் நின்றார். ஆட்கள் சேறும் தண்ணீருமாக ஏறி வந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் யாரும் முன்னால் வரவில்லை. முன்பு ஒரு முறை சீருடைச் சட்டைக்கு அளவு எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பியே வரவில்லை என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். தனகோட்டி கடைசியாக ஏறினார். வலது காலைச் சாய்த்து ஊன்றி நடந்தார்.

மருதமுத்து ஒரு தாளைத் தரையில் விரித்துக் குந்தினார்.

“காலை வை, தனகோட்டி.”

“வேணாங்க. சேறு ஒட்டிக்கும், தாளு பாழாயிடும்.”

“பாழாகட்டும். இது டெண்டரோட போற தாள்.”

தனகோட்டி கால்களை வேட்டியின் நுனியால் துடைக்கப் பார்த்தார். அது கால்களைவிட ஈரமாக இருந்தது. பிறகு வலது பாதத்தை மெதுவாகத் தாளின்மேல் வைத்தார். அது நிற்காமல் நழுவியது. மருதமுத்து இடது கையால் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். தனகோட்டி காலை இழுத்தார், அவர் விடவில்லை. சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குதிகாலில் தொடங்கிய பென்சில், மறுபடி திறந்திருந்த புண்ணின் பக்கம் வந்ததும் சற்று விலகி, விரல்களை ஒவ்வொன்றாகச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

“அந்த பூட்சு பத்திரமா இருக்குதுங்களா?” என்று குனிந்து கேட்டார் தனகோட்டி.

“இருக்கு. முத்திரை வெச்சிருக்கு.”

“அவ சேலைத் துணி ரெண்டு உள்ள இருந்துச்சு.”

“அதுவும் இருக்கு. எழுதியிருக்கு.”

தனகோட்டி காலை எடுத்ததும் மருதமுத்து கோட்டுக்குப் பக்கத்தில் பேரும் ‘ஏழு’ என்றும் எழுதினார். தாளைத் தூக்கியபோது பென்சில் கோட்டுக்கு உள்ளே பாதம் முழுவதும் சேற்றில் பதிந்திருந்தது. காய்வதற்காக அதை ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு, அடுத்த தாளை விரித்தார். கூட்டத்திலிருந்து ஓர் ஆள் முன்னால் வந்து தாளின்மேல் காலை வைத்தார்.